தேவிபட்டினத்து இழைப்பு மெஷின்

சஃபீர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோயிற்று என்று போன் வந்ததால்தான் பூமயில் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவிபட்டினத்துக்குப் போனாள். மண்டபத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் பதினோரு வருடமாக அவள் ஃபிட்டர். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் கூலிக்குக் களை எடுத்த குடும்பத்தில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்துத் தேறியவள். கம்ப்ரஸரோ பம்போ எது மக்கர் பண்ணினாலும் அந்தக் கரையோரத்தில் ஆட்கள் முதலில் கேட்பது "பூமயிலு அக்கா வருமா?" என்றுதான்.

மோட்டாரைக் கழற்றப் பின்பக்கம் போனபோது, கருவேல முள்ளுக்குள் கிழிந்த வலைக் குவியல் ஒன்று அவள் கண்ணில் பட்டது. வலைக்கு அடியில் இரும்பு தெரிந்தது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். வலையை இழுத்துப் போட்டாள். வார்ப்பிரும்பு மேசைகள் இரண்டு, ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றாக, நடுவில் சிறிய இடைவெளி விட்டு நின்றன. இடைவெளிக்குள் குறுக்கே ஒரு உருளை. உருளையில் மூன்று கத்திகள் செருகியிருந்தன. உப்புக் காற்று தின்றதில் மொத்தமும் செங்கல் நிறத்துக்குப் போய்ச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

"இது என்ன மெஷின் தம்பி?"

"வாப்பாவோட மரவாடில இருந்தது அக்கா. வள்ளத்துப் பலகைய இழைக்கிறது. ஜாயிண்டருன்னு சொல்லுவாக. மரவாடிய மூடி இருபது வருசம் ஆச்சு. புதன்கிழமை பழைய இரும்புக்காரரு வந்து ஒடச்சு எடுத்துக்கிட்டுப் போறாரு."

பூமயில் ஸ்க்ரூ டிரைவரால் மேசையின் ஓரத்தைச் சுரண்டினாள். துரு பொருக்குப் பொருக்காக எழுந்து விழுந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான இரும்பு கிடந்தது. துரு மேலோடு நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. உருளையைத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. பக்கவாட்டில் வார்ப்போடு வந்த எழுத்துகளில் 1956 என்ற எண் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

மத்தியானத்துக்குள் தண்ணீர் மோட்டாரை ஓட வைத்துவிட்டாள். சஃபீர் சட்டைப் பையில் கை விட்டான்.

"காசு வேணாந் தம்பி. அந்த மெஷின எனக்குக் குடு."

"அது சுத்தவே சுத்தாதுக்கா."

"அதனாலதான் கேக்குறேன்."

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் வீரையா உச்சிப்புளியில் தகரக் கொட்டகை போட்டுக் கதவு, ஜன்னல் செய்கிறவன். அதே வாரத்தில்தான் அவன் ஒரு நல்ல வேலையைக் கைகூப்பித் திருப்பி அனுப்பியிருந்தான். கீழக்கரையில் உம்மு ஹபீபா என்று ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தெருவில் உள்ள பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கத் தன் வீட்டுக் கீழ்க்கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார். அந்த வீட்டைப் பிரித்துக் கட்டியபோது இறங்கிய பர்மாத் தேக்கு உத்திரங்களைப் பலகையாக அறுத்து வைத்திருந்தார். அதில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரே மேசை வேண்டும். ஏற்கெனவே ஒருவர் செய்து கொடுத்த சின்ன மேசை, இரண்டு மாதத்தில் வாய் பிளந்து, பென்சிலை வைத்தால் கீழே விழுகிற அளவுக்கு இணைப்பு விட்டுப்போயிருந்தது.

"ஆறு பலகை, ஒவ்வொன்னும் பன்னண்டு அடி" என்று வீரையா அன்றைக்குச் சொன்னான். "ஒன்னோட ஒன்னு ஒட்டணும்னா விளிம்பு நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். என்கிட்ட இருக்குற கை மெஷின் ஒரு முழம். மேட்டுல ஏறிப் பள்ளத்துல இறங்கிக்கிட்டே போவும். அந்தத் தேக்கக் கெடுத்துட்டா வேற எங்கன போயி வாங்குறது?"

அவனுக்கு வேண்டியது பலகையை ஓட்டி இழைக்க நீளமான ஒரு இரும்பு மேசை. அது இப்போது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

குட்டி லாரியில் மெஷின் வந்து இறங்கியபோது ஆறு பேர் மூச்சு வாங்கினார்கள். வீரையா கிட்டேயே வரவில்லை. உருளையையும் கத்தியையும் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"இது வேணாம் பூமயிலு. என்கூட வேல பாத்த கூத்தையா அண்ணனுக்கு இதே மாதிரி மெஷின்லதான் மூணு வெரலு போச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். என்ன நடந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே ஒரு நிமிசம் தெரியல."

"அந்த மெஷின்ல கத்திக்கு மூடி இருந்துச்சா?"

"மூடியாவது ஒன்னாவது."

"இதுக்கு நான் மூடி செய்யிறேன். அது சரியா வேல செய்யிற வரைக்கும் ஒங்கள சுவிட்சு பக்கம் விட மாட்டேன். போதுமா?"

அவன் தள்ளியே நின்றான். ஆனால் மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லவும் இல்லை.

பேக்டரியில் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் பூமயில் அதோடுதான் கிடந்தாள். முதலில் துரு. டீசலில் நனைத்த சாக்கைப் போர்த்தி ஊற வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்க் கல்லால் இழைத்தாள். ஒரு வாரத்தில் மேசையின் முகம் தெரிந்தது. வீரையா போகிற போக்கில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தான். அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

உருளையைக் கழற்ற நான்கு நாள் பிடித்தது. கத்தியை இறுக்கியிருந்த போல்ட்டுகள் துருவோடு துருவாகச் சேர்ந்துபோயிருந்தன. ஒவ்வொன்றையும் துளை போட்டு எடுத்தாள். இரண்டு பக்கத்து பேரிங்குகளும் பொடியாகிவிட்டன. வெர்னியரை வைத்து அளந்தால் பழைய அங்குலக் கணக்கு. ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு கடைக்காரர் பரணிலிருந்து தூசி தட்டி இரண்டு எடுத்துக் கொடுத்தார். கத்தி மூன்றும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. உருளை நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும். கத்திகளுக்குள் எடை வித்தியாசம் இருந்தால் மெஷினே குதித்து நகரும். எனவே மூன்றையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உச்சிப்புளி நகைக்கடைக்குப் போனாள்.

"இத நிறுத்துச் சொல்லுங்க."

நகைக்கடைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தங்கம் எங்கம்மா இருக்கு?"

"எட மட்டும் சொன்னாப் போதும். மில்லிகிராம் வரைக்கும் வேணும்."

ஒன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து சாணைக் கல்லில் அதன் முதுகை உரசினாள். மூன்று தடவை ஏறி இறங்கியபின் மூன்று கத்தியும் ஒரே எண்ணைக் காட்டின. அதற்குள் நகைக்கடைக்காரருக்கே ஆர்வம் வந்து, தன் வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் காட்டியது முன்பக்க மேசைதான். பலகையில் எவ்வளவு சீவ வேண்டுமோ அந்த அளவுக்கு அதைத் தாழ்த்தி உயர்த்த வேண்டும். அதற்காக அது அடிப்பீடத்தில் ஒரு சரிவான தடத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அந்தத் தடம் இருபது வருடத் துருவில் இறுகிப்போயிருந்தது. டீசல் ஊற்றியும் ஜாக்கி வைத்தும் அது நகரவில்லை. கூத்தையா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சுத்தியலால் ஓங்கி இரண்டு வைக்கலாமே என்றார்.

"வார்ப்பு அண்ணே. அடிச்சா கண்ணாடி மாதிரி விட்டுப் போவும்."

கேஸ் வைத்துச் சூடு காட்டவும் அவளுக்கு மனம் துணியவில்லை. அடுத்த நாள் பேக்டரியில் பார் ஐஸ் கழன்று வர அதன் தகர அச்சுகளைத் தண்ணீரில் முக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது யோசனை வந்தது. உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருப்பது விரிந்தால் போதும். பிடித்திருப்பது விடும்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை உருட்டி வெயிலில் நிறுத்தினார்கள். சித்திரை வெயில். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பீடத்தைத் தொட முடியவில்லை. அப்போது நொறுக்கிய ஐஸை இரண்டு கூடை கொண்டுவந்து மேசை மேல் மட்டும் பரப்பினாள். வீரையா சாக்கால் மூடினான். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கூத்தையா நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு உள்ளே எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம்.

பூமயில் கைப்பிடிச் சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு பல் நகர்ந்தது. இன்னொரு பல். செந்நிறத் துருத்தண்ணீர் தடத்தின் வழியே கசிய, மேசை மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மாடு போல, ஒரு பக்கமாகக் கிளம்பி மேலே வந்தது. வீரையா பக்கத்தில் வந்து நின்றான். "நான் சுத்துறேன், தள்ளு" என்று சக்கரத்தை வாங்கிக்கொண்டான். அந்த மெஷினை அவன் தானாகத் தொட்டு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

அவள் செய்த மூடி, பலகை உள்ளே வரும்போது ஒதுங்கி வழிவிடும். பலகை கடந்ததும் ஸ்பிரிங் இழுப்பில் திரும்பி வந்து கத்தியை மறைத்துக்கொள்ளும். பலகையைத் தள்ளுவதற்குப் பழைய ரப்பர் செருப்பின் அடியை ஒட்டி இரண்டு கட்டைகள் செய்தாள். கை எந்த நேரத்திலும் கத்தியிலிருந்து ஒரு சாணாவது தள்ளியே இருக்கும். வீரையா மெஷின் ஓடாதபோதே பலகையை ஐம்பது தடவை தள்ளிப் பழகினான். எங்கே நிற்பது, எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டான்.

சுவிட்ச் போட்ட அன்று உருளை முதலில் முனகியது. அப்புறம் சுருதி ஏறி, ஒரே சீரான ரீங்காரமாக நின்றது. மேசை மேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினாள் பூமயில். அது விழவில்லை. வீரையா ஒரு வேப்பம் பலகையைத் தள்ளினான். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. பலகையின் முகம் தேய்த்த பித்தளை போல வழவழவென்று வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இரண்டு பலகைகளின் விளிம்பை இழைத்து, ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி வாசலுக்கு நேரே பிடித்தார்கள். இரண்டு முனைகளும் முட்டி நின்றன. நடுவில் நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

மறுபடி இழைத்தார்கள். மறுபடியும் நடுவில் வெளிச்சம்.

பத்து நாள் இதே கதை. வீரையா கத்தியைக் குறை சொன்னான். பூமயில் கத்தியை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். தள்ளுகிற முறையா என்று அவனை மாற்றித் தள்ளச் சொன்னாள். வேப்பம் பலகைகள் தேய்ந்து தேய்ந்து அடுப்புக்குப் போயின. இதற்கிடையில் உம்மு ஹபீபா டீச்சருக்கு எப்படியோ சேதி எட்டி, போனில் கூப்பிட்டார்.

"மெஷின் ஓடுதாமே?"

"ஓடுது டீச்சர். ஆனா இன்னும் நேரா வரல" என்றாள் பூமயில். மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"தப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருதா, மாறி மாறி வருதா?"

பூமயில் ஒரு கணம் யோசித்தாள். "ஒரே மாதிரிதான்."

"அப்ப நல்லது. ஒரே மாதிரி வர்ற தப்புக்கு ஒரே காரணந்தான் இருக்கும். தேடுங்க, இன்ஷா அல்லாஹ் கெடைக்கும்."

போனை வைத்ததும் பூமயில் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றாள். கத்தி மாறியது, தள்ளும் முறை மாறியது, பலகை மாறியது. மாறாமல் இருந்தது மேசை மட்டும்தான். அதை அவள் தேய்த்து மினுக்கியிருந்தாளே தவிர, இரண்டு மேசையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முழு நீளத்துக்கும் பார்த்ததில்லை. அவளிடம் இருந்த அளவுகோல் இரண்டு அடி. மேசை ஏழரை அடி.

அன்று மாலை பாம்பன் கடைத்தெருவில் மீன்பிடிக்கிற தங்கூசிக் கயிறு ஒரு சுருள் வாங்கினாள். முன்மேசையின் முனையில் ஒரு துண்டு இரும்பு, பின்மேசையின் முனையில் அதே கனத்தில் ஒரு துண்டு. இரண்டின் மேலும் தங்கூசியை இழுத்து, கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. அதன் அடியில், நுண்ணிய இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிக்கொண்டே வந்தாள். நடுவில், கத்திக்குப் பக்கத்தில், இடைவெளி மற்ற எல்லா இடத்தையும்விடக் குறைவாக இருந்தது. பின்மேசையின் முனையை நோக்கிப் போகப் போக இடைவெளி கூடியது.

"இங்கன வாங்க. பின்மேச தலைய தொங்கப் போட்டிருக்கு. இத்தன வருசம் வள்ளத்துப் பலகையக் கனங் கனமா அதும்மேல தூக்கிப் போட்டிருக்காக. தடம் தேஞ்சு போச்சு. மேச நடுவுல மேடா இருந்தா பலக நடுவுல பள்ளமாத்தான வரும்?"

வீரையா குனிந்து கயிற்றோடு கண்ணை வைத்துப் பார்த்தான். "எம்புட்டுத் தொங்குது?"

"ரெண்டு தலமுடி கனம்."

"ரெண்டு முடிக்காகவா பத்து நாளு?" என்றான் அவன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பித்தளைத் தகட்டை மெல்லிய காகிதம் போல வெட்டி, பின்மேசையின் தடத்தில் வெளிப்பக்க முனைக்கு அடியில் கொடுத்தாள். அளந்தாள். கொஞ்சம் அதிகம். இன்னும் மெல்லிசாக ஒன்று. ஐந்தாவது தகட்டில் தங்கூசிக்கும் மேசைக்கும் நடுவே இருந்த இடைவெளி முனைக்கு முனை ஒரே அளவாக நின்றது. வீரையா இரண்டு வேப்பம் பலகையை எடுத்துவந்து விளிம்பை இழைத்தான். ஒன்றை நிறுத்தி அதன் மேல் மற்றதை வைத்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள்.

வெளிச்சம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

வீரையா மேல் பலகையைத் தூக்கினான். நடுவே காற்றுக்குக்கூட இடமில்லாததால் அடிப்பலகையும் கூடவே அரை விரல் எழுந்து, பிறகுதான் விட்டது. அவன் அதையே மூன்று தடவை செய்து பார்த்தான்.

மறுநாள் காலையில் டீச்சருக்குப் போன் போட்டவன் அவன்தான். "தேக்க அனுப்புங்க" என்றான்.

டீச்சர் தேக்கோடு தானும் வந்து இறங்கினார். எழுபதை நெருங்கிய வயசு. ஒல்லியான உடம்பு, கையில் ஒரு டார்ச். கொட்டகைக்குள் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"முதல்ல ரெண்டு பலகதான். அது எனக்குத் திருப்தியா இருந்தா மத்த நாலு" என்றார்.

பூமயில் பலகைகளின் மேல் காந்தத்தை ஓட்டினாள். பழைய உத்திரமாயிற்றே. ஏழு இடத்தில் காந்தம் இழுத்தது. தலை போன ஆணிகள் ஏழு. எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். மேசையின் முன்னும் பின்னும் பலகையைத் தாங்க, பழைய குழாயில் அவள் செய்த உருளைத் தாங்கிகளை நிறுத்தினாள். வீரையா சாக்பீஸ் கோட்டில் காலை வைத்தான். தள்ளுகிற கட்டையை எடுத்து, மூடியைப் பார்த்து, மறுபடி கீழே வைத்தான்.

"நான் முன்ன நிக்கவா?" என்று பூமயில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேணாம். நீ பின்னால வாங்கிக்க. நான் தள்ளுறேன்."

சுவிட்ச் போட்டாள். பன்னிரண்டு அடித் தேக்கு மேசை மேல் ஊர்ந்தது. மூடி ஒதுங்கியது. கத்தி மரத்தைத் தொட்டதும் ரீங்காரம் ஒரு படி இறங்கி அப்படியே நின்றது. நூறு வருடக் கறுப்பு உரிந்து, உள்ளேயிருந்து தேன் நிறம் வந்தது. தேக்கு வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. வீரையா அடி மேல் அடி வைத்து, நிறுத்தாமல், அவசரப்படாமல் நடந்தான். பின்பக்கம் பலகை தன் கையில் ஏறியபோது பூமயில் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயத்தைக் காணவில்லை. வேலைக்காரன் வேலையில் இருக்கிற முகமாக இருந்தது.

இரண்டு பலகையின் விளிம்புகளையும் சேர்த்து நிறுத்தினார்கள். "கதவச் சாத்துங்க" என்றார் டீச்சர். கொட்டகை இருட்டானது. அவர் டார்ச்சை இணைப்பின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குனிந்தபடியே நடந்தார். திரும்பியும் நடந்தார். முதுகை நிமிர்த்தி டார்ச்சை அணைத்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். விளிம்பை விரலால் தடவி, "முப்பத்தாறு வருசம் நேர்கோடு பாடம் நடத்தியிருக்கேன். இன்னைக்குத்தான் ஒன்னத் தொட்டுப் பாக்குறேன்" என்றார்.

மிச்ச நான்கு பலகையையும் அன்றைக்கே இழைத்து முடித்தார்கள். பசை தடவி, கிளாம்ப் போட்டு, கால்கள் பொருத்தி, மெழுகு ஏற்ற இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

மேசையைக் கீழக்கரைக்கு ஏற்றிப்போன நாளில்தான் யாரும் யோசிக்காத ஒன்று குறுக்கிட்டது. டீச்சர் வீட்டுச் சந்தில் பன்னிரண்டு அடியைத் திருப்ப முடியவில்லை. மேசையைக் கழற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். வீரையா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செவருக்கு மேல போகட்டும்" என்றான்.

தெருவே இறங்கிவிட்டது. மீன் ஏற்றிப்போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். பள்ளிவாசலிலிருந்து தொழுகை முடித்து வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். சஃபீர் தேவிபட்டினத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான். மாடி ஜன்னல்களில் பெண்கள் நின்று, "இடது பக்கம் தாழுது", "வலது பக்கம் தூக்குங்க" என்று வழி சொன்னார்கள். பதினாறு கைகளுக்கு மேல், தலைகளுக்கும் மேல், வெயிலில் தேன் நிறமாக மின்னிக்கொண்டு அந்த மேசை சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. கூடத்தின் நடுவில் நான்கு காலையும் ஊன்றி அது நின்றபோது சிறுமிகள் கை தட்டினார்கள். அதைக் கேட்டு வெளியே நின்ற ஆண்களும் தட்டினார்கள்.

ஒரு சின்னப் பெண் மேசையின் மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "டீச்சர், கோடே தெரியல. எத்தன பலக இது?"

"அவுங்ககிட்டயே கேளு" என்று டீச்சர் பூமயிலைக் காட்டினார்.

"நீ கண்டுபிடி" என்றாள் பூமயில். பிள்ளைகள் எல்லாம் மேசையைச் சூழ்ந்துகொண்டு விரலால் தடவித் தேட ஆரம்பித்தார்கள். மூன்று என்றாள் ஒருத்தி. ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னாள் இன்னொருத்தி.

டீச்சர் வீரையாவையும் பூமயிலையும் மேசையின் தலைப்பக்கம் உட்கார வைத்தார். முதலில் அவர்கள்தான் உட்கார வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் என்றார். வீரையா கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து தட்டு நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் இனிப்பு வந்தது, எண்ணெய் மினுங்க. பூமயில் ஒரு துண்டை எடுக்கப் போனாள். டீச்சர் அவசரமாக அவள் கையைத் தடுத்து, தட்டுக்கு அடியில் ஒரு துணியை மடித்து விரித்தார்.

"இப்ப சாப்பிடுங்க" என்றார். "இதுல கறை பட்டா நான் தாங்க மாட்டேன்."